சூசையும் யோசேப்பும்: தமிழில் கிறிஸ்துமஸ் சொற்கள் வந்த வழிகள்

கேள்வி

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், வன்னியம்பட்டி, வத்திராயிருப்பு என்று விரியும் வட்டாரத்திலும் தென்மாவட்டங்களில் பரவலாகவும் கிறிஸ்தவர்களுக்கு ஊரார் வைத்த பெயர் வேதக்காரர். அவர்கள் கூடும் இடம் வேதக்கோயில். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒரே பெயரில் அடங்கிவிடும் இவர்கள், மார்கழி ஒன்பதிலோ பத்திலோ வரும் தங்கள் பண்டிகையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் சொற்களால் பிரிந்து நிற்பார்கள். ஆர்.சி. கோயில் குடிலில் குழந்தைக்குப் பக்கத்தில் கோலூன்றி நிற்பவர் சூசையப்பர், சி.எஸ்.ஐ. சர்ச்சில் வாசிக்கப்படும் லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் அவரே யோசேப்பு. அங்கே மாதா, இங்கே மரியாள். அங்கே சம்மனசு, இங்கே தேவதூதன். பழைய கத்தோலிக்கச் செபங்களில் குழந்தையின் பெயர் சேசு. புராட்டஸ்டண்ட் பாட்டில் இயேசு. பண்டிகைக்கு முந்திய நான்கு வாரங்கள் ஒருவருக்குத் திருவருகைக் காலம், மற்றவருக்கு அட்வெந்து. ஒரே கதையில் வரும் ஒரே மனிதர்களுக்கும் நாட்களுக்கும் ஒரே மொழியில் இரண்டு வரிசைப் பெயர்கள் ஏன் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

‘சபைப் பிரிவுதான் காரணம்’ என்ற விடை சட்டென்று வரும். அது தவறில்லை, ஆனால் அது எதையும் விளக்குவதுமில்லை. பிரிவு இருந்தால் சொல் வேறுபடலாம். எந்தச் சொல் எந்த வடிவில் வேறுபட்டது, ஏன் அந்த வடிவில் என்பதைப் பிரிவு சொல்லாது. இச்சொற்கள் தமிழுக்குள் மூன்று வழிகளில் வந்தன என்பது என் வாதம். சில காதால் கேட்டு வந்தவை. சில பொருளறிந்து பெயர்க்கப்பட்டவை. சில ஏட்டைப் பார்த்து எழுத்துப்பெயர்ப்பாக வந்தவை. இந்த வழிகளைப் பிரித்துப் பார்க்காமல் சொல்லுக்குச் சொல் ‘இதன் பொருள் இது’ என்று சொல்லிச் செல்லும் விளக்கங்கள் தமிழ்ச் சொல்லைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

இருக்கும் விளக்கங்கள்

டிசம்பர் பிறந்தால் பத்திரிகைகளிலும் பங்கு மலர்களிலும் வரும் விளக்கங்கள் ஏறக்குறைய ஒரே தடத்தில் செல்பவை. கிறிஸ்துமஸ் என்பது ‘கிறிஸ்துவின் பூசை’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடர். 1038ஆம் ஆண்டு ஏட்டிலேயே அது காணப்படுகிறது. அதைச் சுருக்கி எழுதும்போது முதலில் போடும் பெருக்கல் குறி போன்ற எழுத்து, கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து. பிரெஞ்சுக்காரரின் நோயெல், பிறப்பு சார்ந்தது என்று பொருள்படும் லத்தீன் ‘நத்தாலிஸ்’ என்பதன் வழிவந்தது. வடஐரோப்பியரின் யூல், கிறிஸ்தவத்துக்கு முந்திய குளிர்கால விழாவின் பெயர். இவை எல்லாம் சரியே. ஆனால் இவை ஆங்கிலத்தின் வரலாறும் பிரெஞ்சின் வரலாறும்; அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டதால் மட்டும் அவை தமிழின் வரலாறு ஆகிவிடுவதில்லை.

கல்வித்துறை ஆய்வுகள் தமிழ்ப் பக்கத்தை நன்றாகவே பார்த்திருக்கின்றன; ஆனால் அவற்றின் கண் வேறிடத்தில் இருந்தது. புரோர் டிலியாண்டர் 1974இல் வெளியிட்ட கிறிஸ்தவ–இந்துக் கலைச்சொல் ஆய்வு, ஹெப்சிபா இஸ்ரேல் 2011இல் வெளியிட்ட தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு பற்றிய நூல் ஆகியவை இறைப்பெயர்களையும் கோட்பாட்டுச் சொற்களையும் பெரிதும் மையப்படுத்துகின்றன. சர்வேசுரனா, பராபரனா, தேவனா, கடவுளா என்பது முந்நூறு ஆண்டு வழக்கு. அதற்குரிய கவனம் அதற்குக் கிடைத்தது நியாயமே. ஆனால் கோட்பாட்டுச் சொல்லைக் குருமாரும் புலவரும் கூடித் தீர்மானிக்கிறார்கள். பிள்ளைக்கு வைக்கும் பெயரும் பண்டிகையை அழைக்கும் பெயரும் அப்படித் தீர்மானமாவதில்லை. அவை வாயில் புழங்கி நிலைப்பவை. கேட்டதா, பெயர்த்ததா, படித்ததா என்ற தடயம் கோட்பாட்டுச் சொல்லைவிட இவற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது.

காதால் வந்தவை

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்ச்சுகீசியரின் சமயத்தில் சேர்ந்தார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலையும் 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ நூலையும் அச்சிட்டார். இரண்டாம் நூலின் தலைப்பே இந்தக் காலத்தின் வழியைக் காட்டிவிடுகிறது. கிறிஸ்தவன் என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் ஆக்காமல், காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

சூசை என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். எபிரேயத்தில் யோசேப், கிரேக்கத்திலும் லத்தீனிலும் யோசெப். இந்த மூன்றில் எதிலிருந்தும் ‘சூசை’ பிறக்க வழியில்லை; ஈற்றுப் பகரம் எங்கே போனது, யகரம் எப்படிச் சகரமானது என்பதற்கு விடை கிடைக்காது. போர்ச்சுகீசியப் பெயரைப் பேச்சில் கேட்டால் விடை கிடைக்கும். அங்கே முதலெழுத்து ஜகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் உரசொலி. அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் முதல் அசையின் ஒகரம் உகரமாக ஒடுங்குகிறது. ஈற்றில் பகரமே இல்லை. ஏறக்குறைய ‘ஜுஸே’ என்று ஒலிக்கும் அதைத் தமிழ்க் காது ‘சூசை’ என்று வாங்கியிருக்கிறது. எழுதியதைப் பார்த்து எடுத்திருந்தால் ‘சோசே’ என்றாவது வந்திருக்கும். முதலெழுத்தின் ஊகாரம் கேட்டு எடுத்ததற்கான சான்று. ஒரு சொல்லை வைத்து முடிவுக்கு வருவது ஆபத்து என்றால், மரியாளின் தந்தை என்று மரபு சொல்லும் யோவாக்கிம் இருக்கிறார். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சுவக்கின் என்கிறார்கள். அதே உகரச் சாயல், அதே சகரம். மூக்கொலியாக முடியும் போர்ச்சுகீசிய ஈறு தமிழில் னகர ஒற்றாக நின்றுவிட்டது. சேசு, சவேரியார் ஆகியனவும் இதே குடும்பம். இயேசு சபையைப் பழைய தலைமுறை சேசு சபை என்றே சொல்லிற்று.

பண்டிகையின் பெயரும் இந்த வழியில் வந்ததுண்டு. ஆனால் வந்த இடம் கடலுக்கு அப்பால். இலங்கைத் தமிழர் இன்றும் நத்தார் என்கிறார்கள், சிங்களவர் நத்தல என்கிறார்கள். இரண்டும் போர்ச்சுகீசியரின் ‘நத்தால்’. யாழ்ப்பாணம் 1619இல் போர்ச்சுகீசியர் கைக்குப் போனது, 1658இல் டச்சுக்காரரிடம், பின் 1795இல் ஆங்கிலேயரிடம். போர்ச்சுகீசியர் போன பிறகு வந்த இரண்டு ஆட்சிகளாலும் அவர்கள் விட்டுச்சென்ற சொல்லை அசைக்க முடியவில்லை. லகர ஈறு தமிழில் ரகரமாகி, பெரியோர் பெயருக்குச் சேர்க்கும் ‘ஆர்’ விகுதியின் சாயலையும் பெற்றிருக்கிறது. இதே சொல்லை வாஸ்கோட காமா 1497இல் கிறிஸ்துமஸ் சமயத்தில் கண்ட தென்னாப்பிரிக்கக் கரைக்குச் சூட்டினார். 1860 நவம்பரில் ‘துரூரோ’ கப்பலில் டர்பனில் இறங்கிய தமிழ்க் கூலிகள் நேட்டால் என்று சொன்னபோது, இலங்கையில் நத்தார் என்று வழங்கும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். இரண்டும் ஒன்று என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தூத்துக்குடிக் கரையும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் போர்ச்சுகீசியர் செல்வாக்கில் இருந்தது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டின் பொதுவழக்கில் நத்தார் ஏன் நிலைக்கவில்லை? உள்நாட்டுக் கத்தோலிக்கம் வளர்ந்த விதத்தில் இதற்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பொருளால் வந்தவை

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நோபிலி கண்ட முதல் இடையூறு ‘பறங்கி’ என்ற சொல். மாட்டிறைச்சி தின்பவர், மது அருந்துபவர், தீட்டு அறியாதவர் என்ற எல்லா இகழ்ச்சியும் அந்தச் சொல்லில் இருந்தது. அதிலிருந்து விலகக் காவி உடுத்தார், சைவ உணவு கொண்டார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்றார். உடுப்பில் பறங்கியை விலக்கியவர் சொல்லிலும் விலக்கினார். கரையில் போர்ச்சுகீசியர் பூசைக்கு வைத்திருந்த ‘மிஸ்ஸா’ தமிழ் வாயில் ‘மீசை’ ஆகி நகைப்புக்கு இடமானது என்றும், ‘பூசை’ என்ற சொல் அந்த இடத்தில் வைக்கப்பட்டது என்றும் மறைப்பணி வரலாறுகள் சொல்லும். கதையில் சற்றே மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் கரைவழக்கு ஒலியை வாங்கியது, மதுரை மறைப்பணி பொருளைப் பெயர்த்தது என்ற வேறுபாட்டை இந்த ஒரு சொல்மாற்றம் காட்டிவிடுகிறது. மாமதுரை நாட்டிலும் பாளையக்காரர் சீமைகளிலும் நடந்த பணியில் பறங்கி வாடையுள்ள பண்டிகைப் பெயர் செல்லுபடியாகியிருக்காது. உள்நாட்டுக் கத்தோலிக்கர் கிறிஸ்து பிறந்த திருநாள், பாலன் பிறந்த திருநாள் என்றெல்லாம் விரித்தே சொன்னார்கள். அவதாரம் என்ற சொல்லுக்கும் இந்தப் பணியில் இடம் கிடைத்தது. தேவன் மனிதனானது மனுஷாவதாரம்.

பெயர்களில் இந்த வழி எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குக் கிறிஸ்துமஸை அடுத்து வரும் நாட்களைப் பார்த்தால் போதும். டிசம்பர் 26, முதல் வேதசாட்சியான ஸ்தேவான் திருநாள். கிரேக்கத்தில் ‘ஸ்தெபனோஸ்’ என்றால் முடி, மாலை. தமிழ்க் கத்தோலிக்கர் அவருக்கு வைத்த பெயர் முடியப்பர். 27ஆம் நாள் அப்போஸ்தலர் யோவானுக்கு உரியது. எபிரேய மூலத்தின் பொருள் ‘கடவுள் அருள்கூர்ந்தார்’. அதனால் அவர் அருளப்பர். அதே பெயரைத் தாங்கிய போர்ச்சுகீசியர் ஜான் தெ பிரிட்டோ மறவர் நாட்டில் அருளானந்தரானார். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்டார். 28ஆம் நாள், ஏரோது கொன்ற சிறுபிள்ளைகளின் நினைவு, மாசில்லாக் குழந்தைகள் திருநாள். இந்த வரிசைக்கு வெளியே, லத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள்படும் பவுல், சின்னப்பர். கடவுள் உதவினார் என்று பொருள்படும் லாசரு, தேவசகாயம். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு வைக்கப்பட்டது அந்தப் பெயர்தான்.

இராயப்பரிடம் வரும்போது சிக்கல் எழுகிறது. பேதுரு என்றால் பாறை, கல். இராயன் என்றால் அரசன். விஜயநகரத்து இராயர் நினைவு தமிழ்நாட்டில் ஆழமாக இருந்தது. அப்போஸ்தலர்களின் தலைவருக்கு அரசர் என்று பெயரிட்டதாகக் கொள்வது எளிது. ஆனால் தெலுங்கில் ராயி என்றால் கல். மதுரை நாயக்கர் அவையின் மொழி தெலுங்கு. நோபிலி அதைக் கற்றவர். இராஜபாளையத்து ராஜுக்களின் வீட்டுமொழி இன்றும் தெலுங்குதான். இரண்டு விளக்கங்களுக்கு நடுவே முடிவு சொல்லும் நேரடி ஆவணம் எதையும் நான் துணைக்கழைக்கவில்லை, வரிசையைத்தான் பார்க்கிறேன். முடியப்பர், அருளப்பர், சின்னப்பர் மூவரும் மூலப்பெயரின் பொருளால் அமைந்தவர்கள். அதே வார்ப்பில் ‘அப்பர்’ சேர்த்து அமைந்த நான்காம் பெயர் மட்டும் பொருளை விட்டுப் பதவியைப் பிடித்தது என்பது பொருத்தமாகப் படவில்லை. பெயரிட்டவர் கல்லை நினைத்திருக்க வேண்டும். கேட்ட தமிழர் அரசனை நினைத்திருப்பார்கள், அதற்கும் தடையில்லை. ஒரே சொல் இரண்டு காதுகளில் இரண்டாகக் கேட்பது மறைப்பணிக்கு வசதியாகவே இருந்திருக்கும்.

அப்படியானால் சூசை மட்டும் ஏன் ஒலியாகவே தங்கியது? பெயர்க்க முயன்றவர் உண்டு. வீரமாமுனிவர் 1726இல் முடித்த ‘தேம்பாவணி’யின் தலைவன் சூசையப்பரே, 3,615 பாடல் கொண்ட அந்தக் காப்பியத்தில் அவர் பெயர் வளன். ‘பெருகச் செய்வார்’ என்ற எபிரேயப் பொருளைத் தமிழ் வளத்தோடு சேர்த்த பெயர் அது. ஆனால் வளன் ஏட்டில் நின்றான், சூசை நாவில் நின்றார். வளனார் என்ற பெயர் பிற்காலத்தில் கல்விக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும் வந்தது. கிராமத்தில் பிள்ளைக்கு வைத்த பெயர் சூசைராஜ், சூசையம்மாள்தான். கரையில் காதால் வாங்கிய பெயர் உள்நாட்டுக்குள் ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால், காப்பியப் புலவனின் பெயர்ப்பு பிந்திப்போனது. மூன்று வழிகளும் காலத்தால் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வந்தவை என்று நினைப்பவருக்கு இது நல்ல எதிர்ச்சான்று. அவை ஒன்றோடொன்று போட்டியிட்டவை.

ஏட்டால் வந்தவை

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு கிரேக்க மூலத்தை முன்வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1715இல் அச்சுவேலை முடிந்தது. பின்னர் பப்ரிசியுசின் பெயர்ப்பு வந்தது; 1871இல் பவர் தலைமையிலான குழுவின் பெயர்ப்பு வந்து பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்றும் வேதாகமமாக இருக்கிறது. வேதமே போதும் என்று பிரிந்தவர்களுக்குப் பெயர்களும் வேத ஏட்டில் உள்ளபடியே வர வேண்டியிருந்தது. யோசேப்பின் பகரமும் யகரமும் மீண்டன. கிரேக்க ‘இயேசூஸ்’ இயேசு ஆனது. மரியாவுக்குத் தமிழ்ப் பெண்பால் விகுதி மட்டும் சேர்ந்து மரியாள். கத்தோலிக்கர் போர்ச்சுகீசிய வாய்வழியாக முதலெழுத்து தேய்ந்து வந்த மனுவேலை வைத்துக்கொண்டிருக்க, புராட்டஸ்டண்டுகள் ஏசாயா தீர்க்கதரிசனத்தில் உள்ளவாறே இம்மானுவேல் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள்.

இந்த ஏட்டுவழி நம் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த காலம் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகள் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும் வரை திருநெல்வேலியைச் சேர்ந்தவை. 1854இல் சி.எம்.எஸ். சபையின் தாமஸ் ராக்லண்டு தம் தோழர்களோடு வடதிருநெல்வேலிச் சுற்றுப்பணியைத் தொடங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்து வேதப்பகுதிகளை வாசித்துக் காட்டுவதே அப்பணி. 1858இல் அவர் சிவகாசியில் இறந்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டி மதுரை மறைப்பணியின் பெரிய நிலையம்; வீரமாமுனிவர் பணியாற்றிய இடம். ஆக, இந்தக் கரிசல் சீமைக்குச் சூசை ஒரு திசையிலிருந்தும் யோசேப்பு இன்னொரு திசையிலிருந்தும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தார்கள்.

ஏட்டுவழியின் இன்னொரு முகத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பெயர்களை ஒலியாக விட்ட புராட்டஸ்டண்ட் பெயர்ப்பு, பொருட்களை அழுத்தமான தமிழாக்கியது. பெத்லகேமில் இடமில்லாமல் போனது சத்திரத்தில். மங்கம்மாள் சாலையும் சத்திரமும் தெரிந்த சீமையில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இடமில்லை என்று திருப்பி அனுப்புவதன் கடுமையும் உடனே விளங்கும். கிழக்கிலிருந்து வந்தவர்கள் சாஸ்திரிகள். மூலத்தின் ‘மாகோய்’ பாரசீக வானநூல் வல்லாரைக் குறிக்கும் சொல். சாஸ்திரம் பார்ப்பவர் என்பது அதற்கு மிக நெருக்கம். கத்தோலிக்க மக்கள்வழக்கோ அவர்களை மூன்று ராஜாக்கள் ஆக்கிக் கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களைப் பிள்ளைகளுக்கும் வைத்தது. மத்தேயு அவர்கள் மூவர் என்றும் சொல்லவில்லை, அரசர் என்றும் சொல்லவில்லை; அது மேற்குத் திருச்சபையின் பிற்கால மரபு. மூலத்தைக் கொண்டு தீர்ப்புச் சொன்னால் இங்கே சாஸ்திரிகளுக்கே வெற்றி.

முன்னணை இவற்றில் தனித்து நிற்கிறது. மாடு கட்டும் தொழுவில் மாட்டுக்கு முன்னால் தீனி போட அணைத்து வைத்த இடம் அது. கரிசல் காட்டுச் சம்சாரி தொழு என்பார், தொட்டி என்பார். முன்னணை என்று சொல்லக் கேட்பது அரிது. மாட்டுத் தொழுவில் வழக்கொழிந்த அந்தச் சொல், கிறிஸ்துமஸ் பாட்டிலும் பிரசங்கத்திலும் மட்டும் உயிரோடிருக்கிறது. 1995இல் வந்த ‘திருவிவிலியம்’ அந்த இடத்தில் தீவனத் தொட்டி என்று போட்டது. சத்திரம் விடுதியானது, தூபவர்க்கம் சாம்பிராணியானது. சாம்பிராணி நல்ல மாற்றம், வீட்டில் புகையும் பொருள். தீவனத் தொட்டி பொருள் தெளிவான சொல்தான். ஆனால் கால்நடைத் துறைச் சுற்றறிக்கை வாடை அடிக்கிறது. கத்தோலிக்கர் கட்டும் குடிலோ எந்த நற்செய்தியிலும் இல்லாத சொல். 1223இல் அசிசியின் பிரான்சிஸ் கிரேச்சியோவில் அமைத்த காட்சியின் வழிவந்த வழக்கத்துக்கு, தென்னங்கீற்றும் வைக்கோலும் கொண்டு கட்டுவதற்கேற்ற பெயரைத் தமிழ் தந்திருக்கிறது. காளையும் கழுதையும் அதற்குள் நிற்பது லூக்காவால் அன்று, ஏசாயாவின் ஒரு வசனத்தால்.

ஆக, மதுரை மறைப்பணி ஆட்களின் பெயரைத் தமிழாக்கியது, தரங்கம்பாடி மரபு பொருட்களின் பெயரைத் தமிழாக்கியது. முன்னதற்குப் புனிதர் ஊராருக்கு உறவாக வேண்டும். முடியப்பரும் சின்னப்பரும் ஊர்த்தெய்வங்களின் பெயர் போல ஒலிப்பது தற்செயலாக இராது. பின்னதற்குக் கதை விளங்க வேண்டும்; ஆனால் கதைமாந்தர் வேதத்தில் உள்ளவர்களே என்பதில் ஐயம் வரக்கூடாது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’ என்ற தலைப்பிலேயே இரண்டாம் முறை முழுமையாக இருக்கிறது. குறவஞ்சி முழுத் தமிழ், பெத்லகேம் எழுத்து மாறாத எபிரேயம்.

மறுப்புகள்

முதல் மறுப்பு இந்த ஊரிலிருந்தே எழக்கூடியது. ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில், திருப்பாவை முப்பதும் ஒலிக்கும் மார்கழியில் வரும் பண்டிகை இது. விடியற்காலைப் பஜனை, வாசல் கோலம், பாலன் என்ற அழைப்பு, அவதாரம் என்ற கருத்து ஆகிய எல்லாம் மார்கழி வைணவத்தின் கொடை. தமிழ்க் கிறிஸ்துமஸ் சொற்களின் வேரை லிஸ்பனிலும் தரங்கம்பாடியிலும் தேடுவானேன் என்று கேட்கலாம். இதில் பாதி உண்மை. வீடுவீடாகப் பாடிச் செல்வதைப் பஜனை என்று சொல்லும் புராட்டஸ்டண்டுகள் இருக்கிறார்கள். கேரல் ரவுண்ட்ஸ் பின்னால் வந்த பெயர். ஆனால் மார்கழி தந்தவை செயலுக்கும் வழக்கத்துக்கும் உரிய பொதுச்சொற்கள். மாந்தர் பெயர் ஒன்றையும் அது தொடவில்லை. மேலும் மார்கழியின் மையச்சொற்களான பாவையும் நோன்பும் கிறிஸ்துமஸுக்குள் வரவேயில்லை. நோன்பைத் தமிழ் முஸ்லிம்கள் ரமலானுக்கு எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர் ஒருசந்தி என்றார்கள், புராட்டஸ்டண்டுகள் உபவாசம் என்றார்கள். மார்கழி இயல்பாகப் பரவியிருந்தால் முதலில் வந்திருக்க வேண்டிய சொல் அதுவே. வாங்கும்போது தேர்ந்துதான் வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு தனித்தமிழ் சார்ந்தது. சூசையானாலும் யோசேப்பானாலும் அயல். கிறித்து பிறப்பு விழா என்பதே தமிழ். இடையில் வந்தவற்றின் வரலாற்றை இவ்வளவு நுணுகிப் பார்ப்பதால் என்ன பயன்? தமிழாக்கும் முயற்சி இன்று தொடங்கியதன்று என்பது இதற்கு முதல் பதில். நோபிலி காலத்தில் தமிழாக்கம் என்பதே வடமொழிச் சொல்லைக் கொண்டுவருவதாக இருந்தது. மனுஷாவதாரம், ஞானஸ்நானம், சர்வேசுரன், ‘மனஸ்’ அடியாகப் பிறந்த சம்மனசு எல்லாம் அன்றைய உயர்வழக்கு. 1962–65 வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாடு மக்கள் மொழிக்கு வந்தபோது ஞானஸ்நானம் திருமுழுக்காகவும், நடுச்சாமப் பூசை நள்ளிரவுத் திருப்பலியாகவும் மாறின. எது தமிழ் என்பதன் அளவுகோலே நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியிருக்கிறது. சொற்களின் வரலாற்றைப் பார்த்தால்தான் அந்த மாற்றம் தெரியும். சிலுவை என்ற சொல்லை இன்று யாரும் அயலாகக் கருதுவதில்லை. அது கேரளச் சுரியானிக் கிறிஸ்தவரின் ‘ஸ்லீவா’வோடு உறவுடையது, போர்ச்சுகீசியரின் குருசு குருசடிக்குள் ஒதுங்கிவிட்டது. வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்த ராஜ் கௌதமன் 2002இல் வெளியிட்ட தன்வரலாற்று நாவலுக்கு ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்று தலைப்பு வைத்தபோது, சுரியானிச் சொல் முழுக்க முழுக்க இந்த வட்டாரத்துப் பையனின் பெயராகவே ஒலித்தது.

மூன்றாவது மறுப்பு கனமானது. மூன்று வழிகள் என்று பிரித்தாலும், எல்லாரும் இன்று சொல்வது கிறிஸ்துமஸ் என்ற ஆங்கிலச் சொல்லைத்தானே? ஆம். சிவகாசியில் அச்சாகும் தினசரிக் காலண்டரில் டிசம்பர் 25ஆம் தாளில் சிவப்பெழுத்தில் இருப்பதும் அதுதான். பள்ளி விடுமுறை, அரசு ஆணை, வாழ்த்து அட்டை, ஜவுளிக்கடைத் தள்ளுபடி எல்லாம் சேர்ந்து, எந்தச் சபையும் தீர்மானிக்காத ஒரு பொதுப்பெயரை நிலைநிறுத்தின. கிறிஸ்துமஸ் தாத்தாவும் இந்த நான்காம் வழியில் வந்தவரே. டச்சுக்காரரின் சிந்தர்கிளாஸ் ஆங்கிலத்தில் சாந்தா கிளாஸ் ஆகி, இங்கே உறவுமுறைப் பெயர் பெற்றார். மீரா நகரத்து ஆயர் நிக்கலாஸ் என்று யாரும் அவரை நினைப்பதில்லை. ஆனால் இந்தப் பொதுப்பெயர் பண்டிகையின் வெளிவாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே குழந்தைக்குப் பக்கத்தில் நிற்பவர் யார் என்ற கேள்விக்கு அது இன்னும் ஒரே விடையைக் கொண்டுவரவில்லை.

‘மஸ்’ஸும் மீசையும்

பூசையைக் குறிக்கும் ‘மிஸ்ஸா’, வழிபாட்டின் முடிவில் மக்களை அனுப்பிவைக்கும் லத்தீன் வாசகத்திலிருந்து பிறந்த பெயர். அது தமிழுக்குள் முதலில் போர்ச்சுகீசிய வாய்வழியாக மீசையாக வந்து விரட்டப்பட்டது. பின்பு பொருள்வழியாகப் பூசையாக வந்து, இப்போது திருப்பலியாகியிருக்கிறது. மூன்றாவதாக ஆங்கிலச் சொல்லின் வாலில் ‘மஸ்’ என்று ஒட்டிக்கொண்டு வந்தது. பூசையைக் கடுமையாக மறுத்துப் பிரிந்த புராட்டஸ்டண்டுகளின் வாயிலும் அது உறுத்தாமல் புழங்குகிறது, ஏனென்றால் அவர்கள் காதில் அது பொருளற்ற அசை. பூசை காணும் கத்தோலிக்கருக்கும் அந்த அசையில் பூசை கேட்பதில்லை.

1995 திருவிவிலியம் கத்தோலிக்கரின் மேசைக்கு யோசேப்பு, யோவான், பேதுரு, பவுல், ஸ்தேவான் என்ற பெயர்களைக் கொண்டுவந்தது. முந்தைய கத்தோலிக்கப் பெயர்ப்புகளிலிருந்த அருளப்பரும் இராயப்பரும் சின்னப்பரும் பக்கத்திலிருந்து இறங்கினார்கள். சபைகளுக்கு இடையே பொதுவான வேதம் வேண்டும் என்ற நோக்கத்துக்கு இது தேவைப்பட்டது. அதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் இதில் ஏட்டுவழி மற்ற இரண்டையும் வென்றிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கோயில் முகப்பில் சூசையப்பர் ஆலயம் என்றும், உள்ளே வாசகத்தில் யோசேப்பு என்றும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டையும் சொல்லும் பங்குகள் இன்று ஏராளம். வாக்காளர் பட்டியலில் ராயப்பனும் சின்னப்பனும் இருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பீட்டர், பால். டிசம்பர் 26ஆம் நாள் வழிபாட்டு நாள்காட்டியில் புனித ஸ்தேவான் என்று இருக்கிறது. முடியப்பன் என்ற பெயருள்ளவருக்கு அது தம் பெயர்த்திருநாள் என்று யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.